பசியைத் தின்ற வேர்

தர்ப்பூசணிக் கடைக்காரர் முக்கோணமாகக் கீறி, கத்திமுனையில் குத்தி நீட்டுகிற சிவப்புத் துண்டை மேடம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

“நீ கீறின எடத்த நான் எதுக்குப் பாக்கணும்? நான் காட்ற எடத்துல கீறு.”

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தார் உருகும் வெயில். கடைக்காரர் முனகிக்கொண்டே பழத்தைப் புரட்டி அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போடுவார். அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும். “இப்ப திருப்தியாம்மா?” என்பார். “இந்தப் பழத்துக்குத் திருப்தி” என்பார் இவர். பக்கத்துப் பழம் வரைக்கும் அந்தத் திருப்தி நீளாது.

வடக்கனந்தல் போகிற சாலையில் இருந்த தனியார் பார்மசி கல்லூரி ஒன்றில் அவர் மருந்தியல் பேராசிரியர். நான் அங்கே எலிக்கூடத்து டெக்னீஷியன். வெள்ளைச் சுண்டெலிகளுக்குத் தீனி, தண்ணீர், மரத்தூள்; அவற்றின் எடை; அவற்றின் உடம்பில் நாங்களே வைத்த கட்டிகளின் அகல நீளம். இவைதான் என் உலகம். மேடம் ஒல்லியான பெண்மணி. விவசாயக் குடும்பம். இழுத்துக் கட்டிய கொண்டை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்; ‘கண்ணாடி காட்டுவதையும் நம்புவதற்கில்லை’ என்பது போல. ஓய்வு பெற்றுப் போன பிறகு எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது எதையாவது அடித்துச் சொல்லும்போது என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

“எதுல பாத்தீங்க?”

இதுதான் அவர் எல்லோரையும் கேட்ட ஒரே கேள்வி. ஆபீஸ் அக்கா தன் மகளுக்கு வரன் அமைந்த சந்தோஷத்தில் லட்டு நீட்டி, “மாப்ள தங்கமான புள்ளிங்க மேடம்” என்றார். இவர் லட்டை வாங்கி முகர்ந்துவிட்டு, “எதுல பாத்தீங்க? பொண்ணு பாக்க வந்தப்பவா, பஸ்ல சீட்டு புடிக்கும்போதா?” என்றார். ஆபீஸ் அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த மாப்பிள்ளையை ஏதோ ஒரு பஸ்ஸில் வைத்துப் பார்த்தாரா என்பதும் தெரியவில்லை.

என்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. எந்தக் கூண்டில் மருந்து கொடுத்த எலி, எந்தக் கூண்டில் வெறும் தண்ணீர் கொடுத்த எலி என்பது எனக்குத் தெரியக்கூடாது. கூண்டின் அட்டை மேல் தானே காகிதம் ஒட்டி மறைப்பார். மருந்துப் புட்டிகளைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். முதல் மாதம் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னை நம்பலன்னா வேற ஆள போட்டுக்குங்க மேடம்.”

“உங்க மேல ஒண்ணும் இல்ல தம்பி. உங்க கை மேலதான். மருந்து குடுத்த எலின்னு தெரிஞ்சா, கட்டிய அளக்கற வெர்னியரை ஒரு மயிரிழை அழுத்திப் புடிக்கும். கட்டி சின்னதா தெரியும். கைக்கு நல்ல மனசு. அதான் பயம்.”

நல்ல மனசுள்ள கைகளை எண்ணிப் பயப்படுகிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கல்வராயன் மலையிலிருந்து அந்த வேர் வந்தது அவர் எங்கள் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே. வெள்ளிமலைப் பக்கத்துச் சடையன் என்பவர் கோணிப்பையில் கட்டி, பஸ்ஸின் பின்சீட்டில் போட்டுக் கொண்டுவருவார். வீக்கத்துக்கு அரைத்துப் பூசுவது அவர்கள் ஊர் வழக்கம். கல்லூரியில் அதன் சாற்றை எடுத்து எலியில் சோதித்திருந்தார்கள். எலியின் வயிற்றுக்குள் புற்று அணுக்களை விடுவது. அவை பெருகி வயிறு நீர்கோத்து உப்பும். மறுநாளே அதே வயிற்றுக்குள் சாற்றையும் ஊசியால் ஏற்றுவது. சாறு ஏற்றிய எலிகளுக்கு வயிறு உப்பவில்லை. மற்றவை செத்த பிறகும் அவை ஓடித்திரிந்தன. பிரின்சிபால் கூண்டுகளோடு போட்டோ எடுத்துக்கொண்டார். செய்தித்தாளில் வந்தது: மலை வேரில் புற்றுநோய்க்கு மருந்து.

மேடம் வந்து அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அது சந்தோஷச் சிரிப்பும் அல்ல.

“தொட்டியில ஒரு கோரைய நட்டு, அதே தொட்டியில களைக்கொல்லிய ஊத்தினா கோரை சாவாம இன்னா பண்ணும்? உப்புத்தண்ணி ஊத்தினாலும் சாவும். கரும்புத் தோட்டத்துல ஊத்தினா கரும்ப வுட்டுட்டுக் கோரைய மட்டும் தேடிக்கினு போவுதான்னு இல்ல பாக்கணும்?”

புற்றுக்கு மருந்து தேடுகிற இடத்தில் முதல் கேள்வி எந்த மருந்து என்பதல்ல, எந்த எலி, எந்தக் கட்டி என்பதே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வயிற்றுநீர்க் கட்டி சீக்கிரம் வளரும், சீக்கிரம் பதில் சொல்லும், எந்த விஷத்துக்கும் பணிந்துபோகும். தோலுக்கு அடியில் வைக்கிற கட்டி மெதுவாக இறுகும். மருந்து ரத்தத்தில் ஏறிச் சுற்றிவந்துதான் அதைத் தொட வேண்டும். எதிர்ப்புச் சக்தி அற்ற மொட்டை எலியில் மனிதக் கட்டியையே வளர்க்கலாம். அந்த எலிக்கு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி அறை வேண்டும், எங்களுக்கோ மின்விசிறிக்கே கரண்ட் நிற்பதில்லை. எலியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி பதிலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பது அவர் கட்சி.

அந்தப் பாதிப் பதில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அடுத்த மூட்டையோடு வந்த சடையன் அதைச் சொன்னார். அவர் மனைவி அலமேலுவுக்கு மார்பில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லி ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

“இப்ப வேருதான் குடிக்கிறா. உங்க காலேஜே சொல்லிச்சே, பேப்பர்ல போட்டுக்கீது.”

பேராசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, நிறுத்துங்க. ஊசிக்குப் போங்க. இன்னிக்கே கூட்டிக்கினு போங்க.”

சடையன் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. “பேப்பர்ல நல்லாக்கீதுன்றீங்க. நேர்ல வந்தா வாணாம்றீங்க. இன்னா வெவகாரம் இது?”

மூட்டையை இறக்காமலே போயிருப்பார். நான்தான் பிடித்து இறக்கினேன்.

“வேர மறுபடி சோதிக்கணும், நேரம் இல்ல சார்” என்று இவர் பிரின்சிபாலிடம் போய் நின்றார். “நேரம் இல்லன்னா மறுபடியும் வயித்துலயே போட்டுப் பாருங்களேன்மா, மூணு வாரத்துல முடிஞ்சிரும்” என்றார் அவர். “சீக்கிரம் முடியும்ன்றதாலதான் சார் இந்தக் கதிக்கு வந்துக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மெதுவான கட்டியையே தேர்ந்தெடுத்தார். பெண் எலியின் முலைக்காம்பு ஓரத்தில், தோலுக்கு அடியில். கை தடவினால் தட்டுப்படும்வரை வளரவிட்டு, அதற்குப் பிறகே வேர்ச்சாறு. ஊசியில் அல்ல, வாய் வழியாக. “அந்தம்மா வாயாலதான குடிக்கிறாங்க.”

அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். வெள்ளிமலை பஸ் கண்டக்டரை வழிமறித்து, “அந்தப் பொம்பளய ஊசிக்குப் போவச் சொல்லுப்பா” என்று சொல்லி அனுப்புவார். கண்டக்டர் திரும்பி வந்து, “கட்டி சின்னதாவுதாம் மேடம், நீங்க பொறாமைல சொல்றீங்களாம்” என்பார். கேன்டீனில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது: ‘மேடம் வேரைப் பூட்டி வைக்கிறாங்க, ஏதோ கம்பெனிக்குப் பேசி முடிச்சிட்டாங்க, அதான் இங்க ஓடவிடாம அடிக்கிறாங்க.’ பூட்டிய பீரோவை நானும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். அவரோடு வேலை செய்தால் சந்தேகம் சளி மாதிரி தொற்றும். தொற்றியது முதலில் அவர் மேலேயே பாயும்.

பிறகு ஒரு காலை, காகிதங்களைக் கிழித்து எந்தக் கூண்டு எது என்று பார்த்தோம். வேர் குடித்த எலிகளின் கட்டிகள் மற்றவற்றில் பாதிகூட இல்லை. நான் துள்ளிவிட்டேன். பிரின்சிபால் ஓடிவந்து போனை எடுத்தார். மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டியைப் பார்க்காமல் கூண்டின் மேல் இருந்த தீனித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதுல ஏன் இவ்ளோ தீனி மிச்சம்?”

நான் பார்த்தேன். வேர் குடித்த கூண்டுகள் எல்லாவற்றிலும் தீனி மிச்சம். ஒரு எலியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். முதுகெலும்பு வரிவரியாகத் துருத்தியது.

“இதுங்க சாப்பிடல. கட்டிக்கும் சோறு போவல. வேரு கட்டியக் கொன்னுச்சா, பசியக் கொன்னுச்சா?”

பிரின்சிபால் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: “நல்லது நடந்தா உங்களுக்குப் புடிக்காதாம்மா?”

மேடம் புதிதாக ஒரு வரிசைக் கூண்டு வைத்தார். அவற்றுக்கு வேரே கிடையாது. வேர் குடித்த எலிகள் எவ்வளவு தின்றனவோ அவ்வளவு தீனி மட்டும். நோய் இருக்கிற உடம்பைப் பட்டினி போட்டேன் நான். அவர் சொல்லி, என் கையால். அவை கம்பியைக் கடித்தன. ஒன்றின் காதை ஒன்று கடித்தன. முடிவில் அவற்றின் கட்டிகளும் அதே அளவுக்குச் சிறுத்திருந்தன. வேர் வேண்டியிருக்கவில்லை. பசி போதுமாக இருந்தது.

“வாங்க, மேல போவலாம்” என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. கொண்டையூசி வளைவுகளில் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். டிரைவரையும் நம்பவில்லை போல. வெள்ளிமலையில் இறங்கி ஜீப்பில் கொஞ்சம், நடந்து கொஞ்சம். மரவள்ளிக் கொல்லையை ஒட்டி, சிமென்ட் தளம் போட்ட சின்ன வீடு. சடையன் எங்களைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றார்.

“கீழேந்து வந்தவன் கடுக்காய எடுத்துக்கினு போனான், தேன எடுத்துக்கினு போனான். இப்ப வேரு ஒண்ணுதான் பாக்கி. எங்க கையில இருந்து அதையும் புடுங்க வந்துட்டீங்களா?”

“யோவ், வழி வுடுய்யா. வூட்டுக்கு வந்தவங்கள நிக்க வெச்சிக்கினு பஞ்சாயத்து பண்ற” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அலமேலு சுவரைப் பிடித்து எழுந்தாள். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை போய் வந்தன. “ஒக்காருங்க டாக்டரம்மா. கட்டிய பாக்கறீங்களா?”

“அப்பறம் பாக்கறேன். காலைல இன்னாம்மா சாப்ட்டீங்க?”

“வேரு குடிச்சேன்.”

“அது மருந்து. சோறு?”

“வேரு குடிச்சா சோத்து நெனப்பே வர்றதில்லீங்க. இவருக்கு லாபம்.”

மேடம் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தார். சாமைச்சோறு வைத்தது வைத்தபடி, மேலே ஆடை கட்டி இருந்தது. சடையனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“கட்டி சின்னதாயிடுச்சி, தடவினாலே தெரியுது. அதப் பாக்காம சட்டியப் பாக்கறாங்க!”

மேடம் தரையில் உட்கார்ந்து பட்டினி எலிகளின் கதையைச் சொன்னார். வேர் குடித்த கூண்டு, வேரே குடிக்காமல் சோறு மட்டும் குறைந்த கூண்டு, இரண்டிலும் ஒரே மாதிரி சிறுத்த கட்டி. அலங்காரம் இல்லாமல், பால் விலை சொல்வது போல. சடையன் கேட்டுவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார்.

“அப்ப சோத்தக் கொறச்சாலே போதுமே! வேரும் வாணாம், ஊசியும் வாணாம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் என்ன தப்பு என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

“சின்னதாச்சு. போவல” என்றார் அவர். “கொஞ்சம் எலிங்களுக்குத் தீனியத் திருப்பி வெச்சோம். உள்ள பதுங்கிக்கினு இருந்தது, அத்தினியும் சேத்துப் புடிச்சி வளந்துச்சு.”

“திருப்பி வெக்காததுக்கு?”

“எலி போயிடுச்சு. கட்டி இருந்துது.”

கொல்லையில் ஏதோ பறவை விட்டுவிட்டுக் கத்தியது.

“அது எலிதான?” என்றார் சடையன். “எம் பொண்டாட்டியா அது?”

“எலிதான். இவங்களுக்கும் அப்படியேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வேரு நல்லதுன்னு சொன்னதும் எலிதான். அந்த எலிய மட்டும் நம்பினீங்க.”

அதுவரை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அலமேலு கேட்டாள்:

“அப்ப நான் சோறு தின்னா, இது பெருசாவுமா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

“ஆவலாம்மா.”

“அப்பறம் எதுக்குத் திங்கச் சொல்றீங்க?”

“ஊசி கட்டியப் போட்டு அடிக்கும்போது உங்களயும் சேத்துத்தான் அடிக்கும். தாங்கறதுக்கு ஒடம்பு வேணும். கட்டி சின்னதா இருந்து, ஆளும் சின்னதாப் போயிட்டா, ஆஸ்பத்திரியில இன்னாத்தக் காப்பாத்துவாங்க?”

அலமேலு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “யோவ், அந்தச் சட்டிய எடு” என்றாள். சடையன் அசையவில்லை. “எடுய்யா. பெருசானா நான்தான சொமக்கப் போறேன்.”

அவள் சாப்பிட்டதை நான் மறக்க மாட்டேன். வலது கை கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும். இடது கை, தானாக, முந்தானைக்குள் போய் மார்பைத் தொட்டுப் பார்க்கும். இப்போதே வளர்ந்துவிட்டதா என்பது போல. ஒவ்வொரு கவளத்துக்கும் அப்படி. சடையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், என் எலிகளைப் பார்ப்பது போலவே. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

இறங்கும் பஸ்ஸில் அவர் திடீரென்று சொன்னார்: “தீனி கம்மியானதும் அதுங்க ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கிச்சே தம்பி. அந்தப் பதட்டத்துலயும் கட்டி சின்னதாயிருக்கலாம். கூண்டுக்கு ஒண்ணாப் பிரிச்சி வெச்சிருக்கணும்.”

அவர் பக்கம் திரும்பினேன். “இத மலையில வெச்சே ஏன் சொல்லல மேடம்?”

“சொல்லியிருந்தா சாப்ட்டிருக்க மாட்டாங்க.”

ஜன்னலுக்கு வெளியே மலை சரிந்து சரிந்து கீழே போனது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிச்சயத்தைக் கீறிப் பார்த்தவர், அன்றைக்குத் தன் சந்தேகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அது கருணையா, சூதா? நான் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறம்.

அந்த வாரமே அலமேலு ஊசிக்குப் போனாள் என்று கண்டக்டர் சொன்னார். ஆபரேஷன் என்றும் பிறகு சொன்னார். ஆனால் கேட்டது நான். மேடம் கேட்கவில்லை. வழிமறித்து வழிமறித்துச் சேதி அனுப்பியவர், அதன் பிறகு கண்டக்டரைக் கண்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போனார். எலிகளைப் பிரித்து வைத்து மறுபடியும் அதே சோதனையைத் தொடங்கினார். பிரின்சிபால் வேறு ஒரு செடிக்குத் தாவிவிட்டார். கேன்டீனில், ‘கம்பெனி பேரம் படியல போல’ என்றார்கள். காரியம் முடிந்ததும் ஆளை மறந்துவிட்டார் என்று நானும் உள்ளுக்குள் கசந்தேன்.

சீத்தாப்பழக் காலம் ஒன்றில், கள்ளக்குறிச்சி மார்க்கெட் வாசலில் அலமேலுவைப் பார்த்தேன். கூடையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்; பழத்தை அழுத்திப் பார்த்த ஒரு ஆளை, “வாங்கறதுன்னா வாங்கு, பெசையாத” என்று விரட்டிக்கொண்டிருந்தாள். தலைமயிர் குட்டையாகச் சுருண்டு முளைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. மூச்சிரைக்க எலிக்கூடத்துக்கு வந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு எலியின் வாலைப் பிடித்திருந்தார்.

“மேடம், மார்க்கெட்ல இன்னிக்கு அலமேலு...”

“சொல்லாதீங்க.”

கத்தவில்லை. கையைக்கூட உயர்த்தவில்லை. எலியை மெல்லக் கூண்டுக்குள் விட்டார்.

“ஏன் மேடம்? ஒரு வார்த்த கேட்டா இன்னா?”

“ஒரு ஆளு தம்பி. ஒரே ஒரு ஆளு. நல்லாக்கீறாங்கன்னு நீங்க சொன்னா, அன்னிக்கு நான் பண்ணது சரின்னு ஆயிடும். இல்லன்னு சொன்னா தப்புன்னு ஆயிடும். ரெண்டுமே பொய். நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவ கிட்ட நான் யோசிக்காமயே பேசிடுவேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சிக்கணும்னே இல்லியா?”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்கள். அவை என் நெற்றியில், உதட்டோரத்தில், கன்னத்தில் எதையோ தேடி விறுவிறுவென்று ஓடின. தேடுவது அவருக்கே தெரிந்துவிட்டது. சட்டென்று குனிந்துகொண்டார்.

“மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புங்க தம்பி.”

சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ‘பெசையாத’ என்று அலமேலு விரட்டியது நினைவுக்கு வர, எனக்குச் சிரிப்பு முட்டியது. தோள் குலுங்காமல் சிரிப்பது அவ்வளவு சுலபமல்ல. என் தோள் குலுங்கியதை அவர் பார்த்தாரா, பார்த்து அதை அழுகை என்று எடுத்துக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.